கவிழாத கயாக் எது?

கயாக் என்ற துடுப்புப் படகை வாங்குவதற்கு முன்னால் என்னிடம் யோசனை கேட்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: கவிழாத கயாக் எது? போன மாதம் நண்பர் ஒருவரும் அதையேதான் கேட்டார். நீச்சல் தெரியும், ஆனால் தலைகீழாகத் தொங்கும் வித்தையெல்லாம் இந்த வயதில் வேண்டாம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் அதே கேள்வியோடுதான் ஒரு கடையில் போய் நின்றேன். அகலமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எடுத்துக்கொண்டேன்.

3 மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், சாய்வு நாற்காலி போன்ற இருக்கை, காலை நீட்டி உட்காரத் தாராளமான திறப்பு. பொழுதுபோக்குக் கயாக் என்று விற்கப்படுவது இந்த வகைதான். கரையோரத்தில் அது அசையவே அசையாது. இரண்டு மாதம் அந்தப் பெருமையிலேயே போயிற்று. பிறகு ஒரு நாள், பெரிய ஏரி ஒன்றின் நடுவில் நான் இருந்தபோது பிற்பகல் காற்று கிளம்பியது. அலைகள் பெரியவை அல்ல, முழங்கால் உயரம்கூட இராது. ஆனால் பக்கவாட்டில் வந்தன. வந்த ஒவ்வொன்றும் திறப்புக்குள் கொஞ்சம் தண்ணீரை விட்டுவிட்டுப் போயிற்று. உள்ளே சேர்ந்த தண்ணீர் ஒரு பக்கம் ஓடியது, படகும் கூடவே சாய்ந்தது, நானும் சாய்ந்தேன்.

கவிழ்ந்ததுகூடப் பெரிய விஷயமில்லை. நிமிர்த்திய பிறகுதான் என் நிலைமை புரிந்தது. விளிம்புவரை தண்ணீர். இருநூறு லிட்டருக்குக் குறையாது. கையால் இறைத்தால், இறைத்ததை அடுத்த அலை திருப்பிக் கொடுத்தது. ஏறப் பார்த்தால் மறுபடி புரண்டது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், காற்றும் கரையைப் பார்த்து வீசியது. படகின் வாலைப் பிடித்துக்கொண்டு காலால் உதைத்து உதைத்து அரைக் கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடையில் சொன்னது பொய்யில்லை. அந்தப் படகு அமைதியான தண்ணீரில், எழுந்து நடந்து போகும் தொலைவில் கரை இருக்கும் இடத்துக்காகச் செய்யப்பட்டது. அங்கே அது அருமையான படகு. நான்தான் அதை வேறு தண்ணீருக்குக் கொண்டுபோனேன்.

அன்றிலிருந்து எந்தக் கயாக்கைப் பார்த்தாலும் என் மனம் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறது. கவிழாத கயாக் கிடையாது. கவிழ்ந்தபின் ஆள் என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு பதிலை வைத்திருக்கிறது. அந்தப் பதில் பிடித்துவிட்டால் நீளம், அகலம், நிறம் எல்லாம் தாமே ஒழுங்குக்கு வந்துவிடும்.

முதல் பதில் ஆர்க்டிக்கிலிருந்து வந்தது. கயாக் என்ற சொல்லே இன்யூட் மக்களின் 'கயாக்' என்ற சொல்தான். தொண்டைக்குள்ளிருந்து வரும் அவர்களுடைய ககரம் நம் வாயில் வராது என்பது மட்டுமே வித்தியாசம். கடலில் மிதந்து வந்து ஒதுங்கும் மரத்தையும் எலும்பையும் கொண்டு கூடு கட்டி, சீல் தோலை அதன்மேல் இழுத்துத் தைத்துப் போர்த்துவார்கள். ஓடம், தோணி, வள்ளம் என்று நமக்குப் பழக்கமான சொற்களைக் கேட்டதும் மேலே திறந்த படகுதான் கண்ணில் தோன்றும். கயாக் அப்படியில்லை, மேலும் மூடியிருக்கும். ஆள் நுழைய நடுவில் ஒரு துளை மட்டும். குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிச் செல்ல 'உமியாக்' என்ற திறந்த பெரிய படகு தனியாக இருந்தது. கயாக் வேட்டைக்காரனுக்கானது.

அவனுடைய தண்ணீர் உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும். வெளியே விழுந்து, நீந்தி, மறுபடி ஏறுவதென்றால் அதற்குள் கை விறைத்துவிடும். ஆகவே வெளியே விழாதே என்பதுதான் அந்தப் படகின் பதில். படகைத் தச்சுக்கோலால் அளக்கவில்லை, ஆளை வைத்தே அளந்தார்கள். இரண்டு கைகளையும் விரித்த நீளத்தைப்போல மூன்று மடங்கு படகின் நீளம், இடுப்பு அகலத்தோடு இரண்டு கைமுஷ்டி சேர்த்தால் அகலம் என்ற கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒருவனுடைய கயாக் இன்னொருவனுக்குச் சரியாக இராது. 'டுயிலிக்' என்ற தோல் மேலங்கியின் கீழ் ஓரத்தைத் துளையின் விளிம்பில் இழுத்துக் கட்டிவிட்டால் ஆளும் படகும் ஒன்று. கவிழ்ந்தால் இருவரும் சேர்ந்தே கவிழ்வார்கள், துடுப்பை ஓர் இழுப்பு இழுத்து இடுப்பைச் சுண்டினால் சேர்ந்தே எழுவார்கள். இதைத்தான் இன்று உலகெங்கும் ரோல் என்கிறோம்.

துடுப்பு தவறிப்போனால்? அதற்கும் ரோல் இருக்கிறது. வேட்டைக்கோல் கையில் இருந்தால், ஒரு கை கயிற்றில் சிக்கிக்கொண்டால், வெறும் கை மட்டும் மிஞ்சினால் என்று ஒவ்வோர் ஆபத்துக்கும் கிரீன்லாந்துக்காரர்கள் தனித்தனி ரோல் வைத்திருக்கிறார்கள். அங்கே இன்றும் நடக்கும் தேசியப் போட்டியில் கையில் கனமான கல்லைப் பிடித்தபடி எழும் வகைகூட உண்டு. வேடிக்கையாகத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் திரும்பி வராத நாள் ஒன்று இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டால் வேடிக்கை குறைந்துவிடும்.

ஐரோப்பியர்கள் இதைக் கற்கத் தாமதமாயிற்று. ஆஸ்திரியாவைச் சேர்ந்த எடி பவ்லாட்டா 1927-இல் ரோலைக் கற்றுக்கொண்டதைத்தான் அங்கே முதலாவது என்று குறிப்பிடுகிறார்கள். சில ஆண்டுகளில், கிரீன்லாந்துக்குப் பயணக்குழு ஒன்றை அழைத்துச் சென்ற ஆங்கிலேயர் ஜினோ வாட்கின்ஸ் அந்த மக்களிடமே கயாக் கற்றார், நன்றாகவே கற்றார். 1932-இல், 25 வயதில், சீல் வேட்டைக்குத் தனியாகப் போனவர் திரும்பவில்லை. கயாக் கிடைத்தது, அவருடைய உடல் கிடைக்கவில்லை. வித்தை தெரிந்திருப்பதும் தனியாகப் போவதும் இரண்டு வேறு கணக்குகள் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் இந்தக் கதையை முதல் பாடத்திலேயே சொல்லி எங்களைப் பயமுறுத்தினார்.

ஆர்க்டிக்கிலும் கயாக் ஒரே வகையாக இருந்ததில்லை. கிரீன்லாந்தின் படகு தாழ்வாகவும் குறுகலாகவும் இருக்கும். அலாஸ்காவை ஒட்டிய அல்யூஷன் தீவுகளின் படகுக்கு மூக்கு இரண்டாகப் பிளந்திருக்கும், துளையும் சிலவற்றில் இரண்டு இருக்கும். அங்கே வந்த ரஷ்யர்கள் அதைப் 'பைடார்கா' என்று அழைத்து, மூன்று துளை வைத்தும் செய்வித்தார்கள். கனடாவின் உள்நாட்டு ஏரிகளில், நீந்திக் கடக்கும் கரிபூ மான்களைத் துரத்த மிக லேசான படகு. பெரிங் கடலில் அகலமான, உயரமான படகு. எந்தக் கயாக் நல்லது என்று அங்கே போய்க் கேட்டிருந்தால், எந்தத் தண்ணீருக்கு என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

இந்தப் பரம்பரையின் நேர் வாரிசு இன்றைய கடல் கயாக். நீளம் 5 மீட்டரை ஒட்டி, அகலம் 55 செ.மீ. அளவில். முதன்முறை உட்கார்ந்தபோது நடுங்கிவிட்டேன். என் பழைய படகு கட்டில் என்றால் இது கயிற்றின்மேல் நிற்பதுபோல இருந்தது. மூச்சு விட்டால் ஆடியது. இதில் போய்க் கடலுக்கா என்று கேட்டேன். இதில்தான் கடலுக்கு என்றார் கற்றுத்தந்தவர்.

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. தட்டையான அடிப்பகுதி கொண்ட படகு தண்ணீரின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். மேற்பரப்பு சமமாக இருக்கும்வரை அதுதான் நமக்கு வேண்டியது. பாறைபோல உறுதியாகத் தெரியும். ஆனால் அலை வந்து மேற்பரப்பே சாயும்போது படகும் விசுவாசமாக அதோடு சாயும், நம்மைக் கவிழ்க்கும் பக்கமாக. வட்டமான அடி, அல்லது ஆங்கில V எழுத்தைப்போல லேசாகக் கூம்பிய அடி அவ்வளவு ஒட்டாது. சமமான நீரில் அது தளதளவென்று ஆடும். அலை வந்தால் அடியில் அலை உருண்டு போகும், மேலே ஆள் நிமிர்ந்திருப்பார். இப்படிப்பட்ட படகை ஓர் அளவுக்குமேல் சாய்த்தால் அதன் பக்கச்சுவர் தண்ணீரில் அமர்ந்து, போதும் என்று தாங்கிக்கொள்வதை இடுப்பில் உணரலாம். முதல் வகை உறுதியை உட்கார்ந்த உடனே உணர்கிறோம், அதனால் கடையில் அது விற்கிறது. இரண்டாவது வகை உறுதியை நம்ப ஒரு நாளாவது அலையில் இருந்திருக்க வேண்டும்.

கடல் கயாக்கின் இன்னொரு விசேஷம் உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள். இருக்கைக்கு முன்னும் பின்னும் நீர் புகாத சுவர் எழுப்பி, இரு முனைகளையும் தனி அறைகளாக்கிவிடுகிறார்கள். மேலே இறுக்கமான மூடிகள். பல நாள் பயணத்துக்கான கூடாரமும் உணவும் அங்கே போகும். கவிழ்ந்தால் அந்த அறைகளின் காற்றுதான் படகை மிதக்க வைக்கும். உட்காரும் குழியில் மட்டும்தான் தண்ணீர் சேரும். ஏரியில் எனக்கு இல்லாமல் போனது இந்த இரண்டு சுவர்கள்தான். கூடவே, இடுப்பைச் சுற்றிக் கட்டித் திறப்பை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட். டுயிலிக்கின் பேத்தி என்று சொல்லலாம். அதன் முன்னால் ஒரு பட்டை நீண்டிருக்கும். அது எப்போதும் வெளியே தெரிய வேண்டும். தலைகீழாக இருக்கும்போது அதைப் பிடித்து இழுத்தால்தான் வெளியே வர முடியும். கிளம்பும் அவசரத்தில் அந்தப் பட்டையை உள்ளே மாட்டிவிட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கரையிலேயே பார்த்துவிட்டோம், நல்லவேளை.

ரோல் வராவிட்டால் நண்பர் வேண்டும். அவர் தன் படகைக் குறுக்கே கொண்டுவந்து நம் படகின் மூக்கைத் தன் மடிமேல் தூக்குவார், தண்ணீர் வடிந்துவிடும், பிறகு இரண்டு படகும் இணையாக நிற்கப் பின்பக்கமாக வயிற்றால் ஊர்ந்து ஏற வேண்டும். பழகியவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடிப்பார்கள். தனியாக இருப்பவருக்குத் துடுப்பின் ஒரு முனையில் மாட்டும் காற்றுப்பை உண்டு. துடுப்பே படகின் கூடுதல் கை போலப் பக்கத்தில் தாங்கும். அமைதியான நீரில் எனக்கு அது வருகிறது. காற்றில் வருவதில்லை. தேவைப்படுவதோ காற்றில்தான்.

நீளம் ஏன் என்பதற்கு வேகம் என்று சொல்வார்கள். பாதி உண்மை. படகு தண்ணீரைத் தள்ளும்போது தானே ஓர் அலையை எழுப்புகிறது, வேகம் கூடக்கூட அந்த அலை நீள்கிறது, ஒரு கட்டத்தில் படகு தன் அலையின் பள்ளத்திலேயே மாட்டிக்கொள்கிறது. நீரில் படும் நீளம் 3 மீட்டர் என்றால் மணிக்கு 8 கிலோமீட்டரை நெருங்கும்போதே இது நடக்கும். 5 மீட்டர் என்றால் 10 கிலோமீட்டர் அளவில். ஆனால் நம்மில் பலர் துடுப்புப் போடுவது 5 கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்தில் அலையைவிட உராய்வே பெரிய தடை, நீளமான படகுக்கு உராயும் பரப்பும் அதிகம். மெதுவாகப் போகிறவருக்கு நீளம் தருவது வேகத்தைவிட நேர்கோடு. விட்ட திசையில் போய்க்கொண்டே இருக்கும். நாள் முழுக்கப் போக அது போதும். பக்கக் காற்று அடித்தால் மட்டும் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு அடம்பிடிக்கும். அதைச் சரிசெய்யப் பின்னால் இறக்கும் ஸ்கெக் என்ற, மீனின் துடுப்பைப்போன்ற தகடு இருக்கும், அல்லது காலால் இயக்கும் சுக்கான் இருக்கும். இரண்டில் எது மேல் என்று கடல் கயாக்காரர்கள் நடத்தும் சண்டைக்கு முடிவே இல்லை. என் ஓட்டு ஸ்கெக்குக்கு. அதுவும் சில சமயம் கூழாங்கல் சிக்கி இறங்க மறுக்கும்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரேயா ஹோஃப்மைஸ்டர் 2009-இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றி முடித்தது இப்படிப்பட்ட படகில்தான். பிறகு தென் அமெரிக்காவையும் சுற்றினார். அந்தத் தூரங்களை எண்ணிப் பார்க்கும்போது என் அரைக் கிலோமீட்டரை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

கடலுக்கு நேர்கோடு வேண்டும் என்றால் வெள்ளம் பாயும் ஆற்றுக்கு நேர்கோடுதான் எமன். பாறைகளுக்கு நடுவே கண்ணிமைப்பில் திரும்ப வேண்டும். அதனால் ஆற்றுக் கயாக் குட்டையாக இருக்கும், அடிப்பகுதி வாழைப்பழம்போல இருமுனையிலும் மேலே வளைந்திருக்கும். வேகத்தை ஆறு கொடுத்துவிடும், படகு திரும்பினால் போதும். இப்படி ஒன்றை இரவல் வாங்கி அசைவற்ற குளத்தில் ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் ஓர் இழுப்பு இழுத்தால் இடப்பக்கம் பாதிச் சுற்று சுற்றியது. பரிசலில் துடுப்புப் போடத் தெரியாதவன் சுற்றுவதுபோல ஒரு மணி நேரம் சுற்றினேன். படகு தவறு செய்யவில்லை, அதைத் திருப்புவதற்காகவே செய்திருக்கிறார்கள்.

இதற்குள்ளும் வகைகள். செங்குத்தான ஓடைகளில் அருவியிலிருந்தே குதிப்பவர்களின் படகு உருண்டையாக, உள்ளே நிறையக் காற்றோடு இருக்கும். விழுந்து மூழ்கினால் உடனே மேலே வர வேண்டும் அல்லவா. ஒரே அலையில் நின்று குட்டிக்கரணம் போடுபவர்களின் படகு 2 மீட்டர்கூட இராது, மூக்கும் வாலும் மெலிந்து, வேண்டுமென்றே தண்ணீருக்குள் அமுங்கும்படி இருக்கும். முன்னதில் உள்ளே காற்று அதிகம், பின்னதில் குறைவு; மற்றவை இவ்விரண்டுக்கும் நடுவில். ஆறுகளின் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 1 என்பது சலசலப்பு. 6 என்பது உயிரோடு விளையாட்டு. 3-க்குமேல் ரோல் வராதவர் போகக் கூடாது என்பது நான் பழகிய குழுவின் விதி, மாற்றத் தேவையில்லாத விதி.

ஆற்றில் கவிழ்ந்தால் நிமிர்வதற்கு நேரம் கொஞ்சம்தான். படகுக்கு அடியில் இருந்த பாறைகள் இப்போது தலைக்கு நேரே, ஓடும் வேகத்தில் வருகின்றன. தலைக்கவசம் அதற்காகத்தான். வெளியே வர நேர்ந்தால் மல்லாந்து படுத்து, கால்களை ஓட்டத்தின் திசையில் மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எழுந்து நிற்கத்தான் உடம்பு துடிக்கும். நிற்கவே கூடாது. முழங்கால் அளவு நீரில்கூடக் கால் பாறையிடுக்கில் மாட்டினால் ஓட்டம் ஆளை முன்னே தள்ளி முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். கயாக் பற்றி வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஒலிம்பிக்கில் ஆற்றுக் கயாக் பந்தயம் 1972-இல் மியூனிக் போட்டிகளில் நுழைந்தது, பிறகு 1992 முதல் தொடர்ந்து இருக்கிறது. தொங்கும் கம்புகளுக்கு இடையே புகுந்து போக வேண்டும். பச்சைக் கம்பென்றால் ஓட்டத்தோடு, சிவப்பென்றால் ஓட்டத்தை எதிர்த்து. கம்பைத் தொட்டால் 2 விநாடி அபராதம், விட்டுவிட்டால் 50 விநாடி. 2024 பாரிஸில் புதிதாகச் சேர்த்த கயாக் கிராஸ் எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு பேர் உயரமான சரிவுமேடையிலிருந்து ஒன்றாகத் தண்ணீரில் விழுந்து, முட்டிமோதிக்கொண்டு ஓட்டுவார்கள். நடுவில் ஓரிடத்தில் எல்லாரும் கட்டாயம் ஒரு முறை கவிழ்ந்து எழ வேண்டும். வேட்டைக்காரனின் உயிர்காக்கும் வித்தை போட்டி விதியாகிவிட்டது.

அமைதியான நீரில் நேராக ஓடும் பந்தயம் இன்னும் பழையது, 1936 பெர்லின் முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஒருவர் ஓட்டும் படகு 5.2 மீட்டருக்கு மிகாமல், 12 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்படி ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு விநாடி. ஐந்தாவது விநாடியில் தண்ணீரில் இருந்தேன். அந்தப் படகு கவிழ்வதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கவிழாதவர்கள் மட்டும் ஏறுங்கள் என்கிறது. அதன் கடற்கரை உறவினர் சர்ஃப்ஸ்கீ: 6 மீட்டருக்கும் மேலான நீளம், மேலே திறந்த இருக்கை, காலால் இயக்கும் சுக்கான். அதிலிருந்து விழுந்தால் குறுக்கே படுத்து, உருண்டு, உட்கார்ந்து, ஓட்டத்தைத் தொடர வேண்டியதுதான். நீர் வடிக்கும் வேலையே கிடையாது. காலில் கயிறு கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று படகை நம்மைவிட வேகமாகக் கரைசேர்த்துவிடும்.

மேலே உட்காரும் கயாக்குகளை நான் வெகுகாலம் இளக்காரமாகப் பார்த்தேன். துளை இல்லை, ஸ்கர்ட் இல்லை, பிளாஸ்டிக் பலகைமேல் பள்ளம் தோண்டியதுபோல ஒரு தோற்றம். இப்போது அந்த எண்ணத்துக்காகக் கொஞ்சம் வெட்கப்படுகிறேன். கவிழ்ந்தால் என்ன என்ற கேள்விக்கு எல்லாவற்றிலும் எளிய பதில் அதனிடம்தான் இருக்கிறது: திருப்பிப் போடு, ஏறு, போ. உள்ளே மாட்டிக்கொள்ளும் பயமில்லை. மேலே விழும் தண்ணீர் இருக்கையில் உள்ள ஓட்டைகள் வழியே தானாக இறங்கிவிடும். இதமான நீரில், புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. குறை என்றால், எப்போதும் நனைந்தபடி இருக்க வேண்டும். ஆகவே குளிர்ந்த நீருக்கு உடை தடிமனாக வேண்டும். இன்னொன்று, பலவற்றில் உள்ளே முழுவதும் ஒரே வெற்றிடம். எங்கேயாவது ஒரு கீறல் விழுந்து, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் ஏறினால் படகு கனத்த பிறகுதான் தெரியும். கிளம்புமுன் ஆட்டிப் பார்த்துச் சளசளப்புக் கேட்கிறதா என்று கவனிப்பது என் வழக்கம்.

மீன்பிடிக் கயாக் இந்தக் குடும்பத்தின் பருத்த அண்ணன். 85, 90 செ.மீ. அகலம், எழுந்து நின்றே தூண்டில் வீசலாம். காலால் மிதித்து ஓட்டும் அமைப்புள்ளவற்றில் கைகள் தூண்டிலுக்கு விடுதலை. கனமோ கனம், கரையில் தூக்க இரண்டு பேர் வேண்டும். கவிழ்வது அபூர்வம், கவிழ்ந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு, கட்டி வைக்காத சாமான் அத்தனையும் மீன்களுக்குச் சொந்தம். ஓடும் நீரில் நங்கூரத்தைப் படகின் பக்கத்தில் கட்டுவதுதான் இவர்கள் செய்யும் பெரிய தவறு. ஓட்டம் படகைக் குறுக்கே திருப்பி, கயிறு பிடித்திழுக்க, எவ்வளவு அகலமானாலும் புரட்டிவிடும். கயிறு எப்போதும் ஒரு முனையிலிருந்துதான் இறங்க வேண்டும்.

மடக்கிப் பையில் வைக்கும் கயாக்கைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. மியூனிக்கில் ஆல்ஃபிரெட் ஹொய்ரிஷ் என்ற மாணவர் 1905-இல் செய்தார். தையற்காரர் யோஹான் கிளெப்பர் உரிமையை வாங்கிப் பெயர்பெறச் செய்தார். மரக்கூடு, மேலே துணியும் ரப்பரும். தோல் போர்த்திய ஆர்க்டிக் படகின் அதே உடலமைப்பு, ரயிலில் ஏற்றும்படியாக. அப்படி ஒரு படகில் 1932-இல் டான்யூப் நதியில் கிளம்பிய ஆஸ்கர் ஸ்பெக், போகப்போக நிறுத்த மனமில்லாமல், படகுகளை மாற்றிக்கொண்டு ஆசியக் கரைகளை ஒட்டியே ஏழு ஆண்டுகள் துடுப்புப் போட்டார். 1939-இல் ஆஸ்திரேலிய எல்லைத் தீவு ஒன்றில் இறங்கியபோது உலகப்போர் தொடங்கியிருந்தது. ஜெர்மானியர் என்பதால் பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்தார்கள்.

மருத்துவர் ஹன்னஸ் லிண்டெமன் 1956-இல் கிளெப்பர் கயாக்கில் சிறு பாய் கட்டி அட்லாண்டிக்கை 72 நாளில் கடந்தார். கடைசிக் கட்டத்தில் இரவில் படகு கவிழ்ந்தது. கும்மிருட்டில் நிமிர்த்த முடியாமல், வழுக்கும் அடிப்பகுதியைக் கட்டிப்பிடித்தபடி விடியும்வரை அலைகளுக்கிடையே கிடந்தார். விடிந்ததும் நிமிர்த்தி ஏறிப் போய்ச்சேர்ந்தார். இப்படிப்பட்ட தருணங்களுக்காக அவர் மாதக்கணக்கில் தன் மனத்தைப் பழக்கியிருந்தார். எனக்கு அது ரோலைவிடப் பெரிய வித்தையாகத் தெரிகிறது.

காற்றடைத்த கயாக்குகள் இன்று மடக்குப் படகின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. பக்கங்களில் தடித்த குழாய்கள் இருப்பதால் எளிதில் கவிழாது. ஆனால் கனமில்லை, எதிர்க்காற்று வந்தால் இலைபோல அடித்துச் செல்லும். அமைதியான நாளுக்கும் சிறிய வீட்டுக்கும் நல்லது. மலைமேல் முதுகில் சுமந்து போய் ஊதி ஓட்டும் பேக்ராஃப்ட் என்ற சின்னஞ்சிறு வகையும் இருக்கிறது, அதன் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் நான் அதைக் கயாக்கில் சேர்ப்பதில்லை.

எதனால் செய்தது என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பாறையில் மோதினாலும் பள்ளம் விழுந்து பிழைக்கும், ஆனால் கனம். ஃபைபர் கிளாஸ் லேசு, வழுக்கிக்கொண்டு போகும், மோதினால் வெடிக்கும், ஒட்டிச் சரிசெய்யலாம். கெவ்லர் என்ற இழை இன்னும் லேசு. படகைத் தனியாகத் தூக்கி வண்டிமேல் ஏற்ற முடியாதவர், எவ்வளவு நல்ல படகை வாங்கினாலும் அதை வீட்டிலேயேதான் வைத்திருப்பார்.

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. எந்தத் தண்ணீர், யாரோடு, கரை எவ்வளவு தூரம் என்று மூன்று கேள்வி கேட்டேன். ஏரி, தனியாக, பக்கத்தில்தான் என்றார். மேலே உட்காரும் வகையில் நடுத்தரமான ஒன்றை எடுக்கச் சொன்னேன். முதல் நாள் நானும் போனேன். கிளம்புவதற்கு முன் மார்பளவு தண்ணீரில் அவரே படகைக் கவிழ்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். முதல் முறை ஏற முடியவில்லை. இரண்டாவது முறை இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் விழுந்தார். மூன்றாவது முறை வயிற்றால் ஊர்ந்து, திரும்பி, உட்கார்ந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. நான் அதைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டிருக்க, அவர் இன்னொரு முறை கவிழ்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.